இரண்டு பக்கமும்

ஒஸ்லோவிலிருந்து படம் வந்தது.
கேற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று,
ஒரே உயரத்தில் பனை. எங்கள் பனையில்லை,
தொட்டியோடு விற்கிற அழகுப்பனை.
நடுவே கண்ணுக்கெட்டிய மட்டும் இன்டர்லொக் கல்.
கீழே குலேந்திரன் அண்ணை எழுதியிருந்தார்:
"இப்பிடி வேணும். மட்டமா. சமமா."

கொண்டாவிலில் மூன்று பரப்பு வளவு.
கல் பதிக்கிறவர்கள் எனக்கு முன்னரே வந்து
முற்றத்தை முக்கால்வாசி மூடிவிட்டுப் போயிருந்தார்கள்.
மத்தியானத்தில் அதன்மேல் கால் வைக்க
நாயும் ஒருதரம் யோசித்தது.
விட்டுவைத்த ஓரங்கள் மட்டும் என் பங்கு.

இடப்பக்கம் அலவாங்கு போட்டேன்.
புட்டு மாதிரி உதிர்ந்தது செம்மண்,
முழங்கால் ஆழம், இடுப்பாழம், இன்னும் போனது.
வலப்பக்கம் ஒரு சாண்.
ணங்.
ஜெயசீலன் தள்ளி நின்று குத்தினான். அங்கும் ணங்.
சுண்ணாம்புக்கல்.
வீடு கட்ட முன்னர், ஊருக்குப் பேர் வைக்க முன்னர்
கடல் போட்டுவிட்டுப் போன தளம்.

இருந்தும் சொன்னபடி நட்டேன்.
முற்பணம் வாங்கியாயிற்று, என்ன செய்ய.
இடது பிடித்துக்கொண்டது.
வலது, ஆடிச் சோழகத்தில் நுனி கருகி,
ஒருநாள் பின்னேரம் குருத்தைத் தொட்டுப் பார்க்க
கையோடு வந்தது.
"தண்ணி ஊத்தேல்லையோ?"
ஊத்தினனான் அண்ணை.
அதுக்குக் கால் நீட்ட இடமில்லை.

அன்றைக்குத் திருநெல்வேலிச் சந்தையில்
வெங்காயம் நிறுக்க நின்றேன்.
ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் வெங்காயம்,
முள் நடுவில் வந்து நின்றது.
இரும்புக்கு இரும்பு வைத்து
யார் நிறுக்கிறார்கள்?

திரும்பி வந்து, செத்ததைப் பிடுங்கிய குழியில்
கற்றாழை வைத்தேன், பக்கத்தில் இன்னும் மூன்று.
அதற்கு முன்னால் வெட்சி, முழங்காலுக்கு மேலே போகாத வகை.
அப்பால் வெறும் கல். பாறையைப் பாறையாகவே விட்டேன்.
உயரத்தில் பனைக்கு ஈடில்லை,
அகலத்தில் கொஞ்சம் ஈடு,
சிவப்பில் மிச்சம்.
மதிலின் மூலை கத்திபோல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.
அங்கே மண் இருந்தது. ஒரு நந்தியாவட்டையை நட்டேன்,
மூலை தன் கூரை மறந்துவிட்டது.

பிறகு, கேட்காமல் ஒன்று செய்தேன்.
கார்த்திகை மழை முதல்நாள்
போக வழியில்லாமல் தண்ணீர் குசினிக்குள் வந்தது.
மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிற சசிரேகா
வங்கிக்குப் போகிற சேலையைத் தூக்கிப் பிடித்தபடி
படியில் நின்று பார்த்தாள்.
அடுத்தநாள் நாங்கள் நாற்பத்தாறு கல் கிளப்பினோம்,
கிணற்றடி வரைக்கும், வளைத்து வளைத்து.
அதில் அறுகும் வல்லாரையும்.
இரண்டாம் மழையை மண் குடித்தது.
குடிக்கிற சத்தம் கேட்டது என்று
ஜெயசீலன் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவான்.

தை பிறந்து படம் எடுத்தேன்.
எங்கே நின்றாலும் பனை ஒரு பக்கம் தூக்கியது.
கிணற்றடியில் நின்றால் மட்டும்
எல்லாம் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன.
அங்கே நின்று எடுத்ததை அனுப்பினேன்.

இரண்டு நீலச் சரி.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
"வலப்பக்கம் ஏன் பதிவா இருக்கு?"
"கல்லெல்லாம் எங்க?"
கிளப்பிய கல் கோடிப்புறத்தில் அடுக்கியிருக்கிறது,
ஒன்றும் உடையவில்லை என்று எழுதத் தொடங்க
இன்னொன்று வந்தது.
"பாறை வெடிப்புக்குள்ள அந்த வெள்ளைப்பூ,
அது என்ன?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
நான் வைத்ததில்லை.
காற்றோ எறும்போ கொண்டுவந்தது,
ஒரு கரண்டி மண்ணில் ஐந்து இதழ்.

நித்தியகல்யாணி என்று எழுதினேன்.
அழித்துவிட்டு, பட்டிப்பூ என்று அனுப்பினேன்.
வலப்பக்கத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.
அவரும் திருப்பிக் கேட்கவில்லை.