நவம்பர் பதினொன்று, காலை ஷிப்ட்

மணி ஒன்பது. இன்னும் விடியவில்லை.
ஃப்ளாத்தேய்ரியில் இந்த மாதம்
சூரியன் மலைக்குப் பின்னாலேயே
எழலாமா வேண்டாமா என்று உட்கார்ந்திருக்கும்.
காட் மீனின் முதுகெலும்பை ஒட்டிக்
கத்தியை இழுக்கிறேன்.
அடுத்த மீன்.

"இன்று போலந்துக்குச் சுதந்திர தினமாமே?"
எந்திர இரைச்சலில்
ஸ்டெய்னுன் இரண்டு முறை கேட்டாள்.
ஆமாம் என்றேன்,
மழை பெய்கிறதா என்று கேட்டவளுக்குச் சொல்வதுபோல.

அம்மா ஆறு மணிக்கே அழைத்திருந்தாள்.
பின்னால் டிவியில் பூட்ஸ் சத்தம்.
"பார்க்கிறாயா? உனக்குப் புல்லரிக்கவில்லையா?"
புல்லரிக்கிறது அம்மா,
ஹீட்டர் பழுது.

வெறுப்பெல்லாம் இல்லை.
வெறுப்பதற்கும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.
அக்கா புருஷன் பால்கனியில் கொடி கட்டுவான்,
வரி கட்ட மாட்டான்.
அவனோடுகூட எனக்குச் சண்டை கிடையாது.

எட்டு வயதில் பள்ளி மைதானத்தில்
காகிதக் கொடியோடு நின்றேன். தூறல்.
நாடு நூற்றிருபத்து மூன்று ஆண்டுகள்
பொறுத்திருந்தது என்றார் தலைமையாசிரியர்.
நானும் பொறுத்துப் பார்த்தேன்.
பேச்சு முடியுமுன்பே
எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது,
காலுறை வரைக்கும் வெதுவெதுப்பாக.

ஒன்றே ஒன்று மட்டும் உண்டு.
பொஸ்னானில் அன்றைக்குப் பிறை வடிவில் ஒரு ரொட்டி விற்பார்கள்,
உள்ளே வெள்ளைக் கசகசா அரைத்து வைத்து.
அது புனித மார்ட்டினுக்கானது.
நாட்டுக்கும் அதே தேதி வாய்த்தது,
அதற்கு ரொட்டி என்ன செய்யும்.
பல்லிடுக்கில் சிக்கி
மறுநாள் மதியம்வரை நாக்குக்கு வேலை கொடுக்கும்.

பத்தரைக்கு இடைவேளை.
மேசையில் சதுரமாக ஒரு கேக்.
செபுத் தீவிலிருந்து வந்த ரோவெனா
ராத்திரி ஷிப்ட் முடித்தும் தூங்காமல் செய்தது.
மேல் பாதி ஸ்ட்ராபெரி ஜாம்,
கீழ்ப் பாதி க்ரீம்.
"யாத்விகா, உன் கொடி!"

"அது இந்தோனேசியா" என்றான் ஒருவன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
ரோவெனா கேக்கைப் பார்த்தாள்,
போனில் இருந்த படத்தைப் பார்த்தாள்.
காது மடல் சிவந்துவிட்டது.

நான் எழுந்து
நாற்காலிகளுக்கிடையே ஒருக்களித்து
மேசையின் அந்தப் பக்கம் போய் நின்றேன்.
இங்கிருந்து சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.
இருந்தது.

பேசு, பேசு என்று மேசையைத் தட்டினார்கள்.
தொண்டையைச் செருமிக்கொண்டு,
இந்த ஊரில் கசகசா எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.
யாருக்கும் தெரியவில்லை.
ஸ்டெய்னுன் மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

மணி அடித்தது.
கடைவாயில் க்ரீமோடு
கையுறைகளை மாட்டினோம்.