முறை நோட்டு

கோரையாற்றில் எந்த மதகை எத்தனை அடி தூக்கினால்
எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் ஏறும்,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
ஒன்பது வருஷ லஸ்கர்.
வீட்டில்தான் அளவுகோல் நடவில்லை.

பிள்ளை பிறந்த இருபத்தாறாம் நாள்
அனுசுயா சொன்னாள்:
"பஸ்ஸுல யாரோ விட்டுட்டுப் போன பை மாதிரி இருக்குங்க இது.
எறங்குற வரைக்கும் நான் பாத்துக்கணும்.
எங்க எறங்குறதுன்னுதான் தெரியல."
நான் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பை இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன்.

வந்தவர்கள் எல்லோரும் கேட்டது, பால் ஊறுதா.
நானும் அதைத்தான் கேட்டேன்,
தண்ணி வந்துச்சா என்று
கடைமடைக்காரரிடம் போனில் கேட்கிற அதே குரலில்.

ஒரு ராத்திரி இரண்டரைக்கு
ரெகுலேட்டரிலிருந்து திரும்பினேன்.
கொல்லைக் கல்லில்
நனையாத துணியைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.
உள்ளே அழுகை.
"கேக்குது" என்றாள்.
"எந்திரிக்கத்தான் வரல."

விடிந்ததும் நர்ஸ் லூர்துமேரி வந்தார்.
எடைத் தராசைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.
அவள் பக்கத்தில் உட்கார்ந்து
முறத்திலிருந்த பூண்டு முழுவதும் உரித்து முடித்தார்.
என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.
போகும்போது என்னிடம் சொன்னது:
"காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்கள்ல?
இதுவும் அப்படித்தான். இன்னிக்கே போங்க.
தனியா விடாதீங்க. அவ தூங்கணும்."

மன்னார்குடியிலிருந்து திரும்பி
முறைத் தண்ணீர் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
கோடு போட்டேன்.
ஒன்பதிலிருந்து பன்னிரண்டு: அம்மா.
பன்னிரண்டிலிருந்து மூன்று: நான்.
மூன்றுக்கு மேல் எதிர்வீட்டு ஷகிலா பானு.
"சஹருக்கு எந்திரிச்ச ஒடம்பு, தானா முழிச்சிக்கும்."
அனுசுயா பேர் எந்த வரியிலும் இல்லை.
மாத்திரை நேரத்துக்கு மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி.

முதல் வாரம்
பாலாடை பிடிக்கத் தெரியாமல்
பாதிப் பால் என் லுங்கியில்.
டார்ச்சைத் தரையில் வைத்து
அந்தச் சின்ன வாயைப் பார்த்தபடி இருப்பேன்.
இவ்வளவு நாள் இவள் இதைத் தனியாக.

மேட்டூர் திறந்த அன்றே கடைமடை நனையாது.
வழியெல்லாம் வெடிப்பு குடிக்கும், மணல் குடிக்கும்.
விவசாயிகளுக்கு நான் சொல்லும் சமாதானம் அது.
எனக்கு அது போதவில்லை.
காலையில் அவள் முகத்தைப் பார்ப்பேன்,
சாயங்காலம் மறுபடி பார்ப்பேன்.
சில நாள் ஒரு அங்குலம் ஏறியிருக்கும்.
மறுநாள் இறங்கியிருக்கும்.

நேற்று மத்தியானம்
ஷகிலா கொடுத்தனுப்பிய மடவைக் குழம்பைப் பிசைந்து
ஒரு வாய் வைத்தவள்
நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:
"உப்பே இல்ல."

ரெண்டு மாசத்தில் அவள் சொன்ன முதல் குறை.
அம்மாவும் நானும்
ஒரே நேரத்தில் உப்பு ஜாடிக்கு ஓடி
வாசற்படியில் முட்டிக்கொண்டோம்.