பிரிச்சுக்கிட்டோம்

ஹட்டன் நீதிமன்றத்தில் குடைகளை வெளியே வைக்க வேண்டும்.
மழைநாளில் அவை வாசலில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும்,
வழக்கு முடிந்தவர் நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்துப்போவார்.
அதற்கு மட்டும் இதுவரை முறைப்பாடு இல்லை.

நான் முதலியார்.
காணி பூமி கிடையாது,
மொழிபெயர்க்கிறவளுக்கு இங்கே அதுதான் பட்டம்.
கூண்டின் தமிழைச் சிங்களமாக்கி மேலே ஏற்றுவேன்,
மேலே இருப்பதைத் தமிழாக்கிக் கீழே இறக்குவேன்.
பதினேழு வருடம். பிளாஸ்கில் கொத்தமல்லித் தண்ணீர்.

தர்மலிங்கம் யுகேந்திரன், வயது இருபத்திரண்டு.
குற்றப்பத்திரத்தில் உகேந்திரன்.
ஐஸ், எழுநூற்று நாற்பது மில்லிகிராம்,
தீப்பெட்டிக்குள், பஸ் நிலையத்து மலசலகூடத்தின் பின்னால்.
பகுப்பாய்வாளர் அறிக்கை கொழும்பிலிருந்து வரவேண்டுமாம்.
பதினொரு தவணை. விளக்கமறியல், விளக்கமறியல்.

மலையில் கொழுந்து நிறுக்க ஒரு நிமிடம் போதும்,
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு
நின்ற இடத்திலேயே கழித்தும் விடுவார்கள்.
இந்தத் தீப்பெட்டியில் எவ்வளவு சாக்கு, எவ்வளவு ஈரம் என்று சொல்ல
ஐந்து மாதம் பற்றவில்லை.

கடைசி வாங்கிலிருந்து அவன் அம்மா எழுந்தாள், யாரும் கேட்காமலே.
"தவணைக்கு வர்ற நாளெல்லாம் எனக்குப் பேர் இல்லீங்க."
பெயர் இல்லையா, என்றார் நீதவான்.
நாட்சம்பளம் ஐயா, என்றேன்.
வேலைக்குப் போனால் பேர், பாதியில் திரும்பினால் அரைப்பேர்.
அவர் பேனையை எடுக்கவில்லை.

வாங்கியது ஒன்றரைக் கிராம் என்கிறாய், மீதி எங்கே?
"நானும் கூட்டாளியும் பிரிச்சுக்கிட்டோம்."

பொலிஸ் எழுதிய வாக்குமூலத்தில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது:
பெதுவா.
பிரித்தான் என்றும் ஆகும், விநியோகித்தான் என்றும் ஆகும்.
இரண்டாவது வழியில் போனால் வியாபாரம்,
மேல் நீதிமன்றம், வருடக்கணக்கு.

மூன்று வருடத்துக்கு முன் வேறொரு பையன் இதையே சொன்னான்.
சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. எனக்குப் பசி.
பெதுவா, என்றேன்.
அவன் இன்னும் பல்லேகலையில்.

இவன் சொன்னது பிரிச்சோம் அல்ல.
கிட்டோம்.
ஒன்பதாம் வகுப்பில் துணைவினை என்று எழுதிப் புள்ளி வாங்கினேன்,
அதற்குள் ஒருவன் ஆயுசு இருக்குமென்று டீச்சர் சொல்லவில்லை.
ஒரு ரொட்டியை இரண்டு பேர் பிய்த்துக்கொள்வது மாதிரி,
மூன்றாம் கைக்குப் போகாத வினை.

"பெதாகத்தா," என்றேன்.
சார்ஜன் தலையைத் திருப்பினார்.
பெதுவாவா, பெதாகத்தாவா? நீதவான் இரண்டு தரம் கேட்டார்.
இரண்டு தரமும் அதையே சொன்னேன், இரண்டாம் தரம் கொஞ்சம் உரக்க.

போதைக்கென்றே தனி நீதிமன்றம் வரவேண்டுமென்று
கன்டீனில் சட்டத்தரணிகள் பேசிக்கொள்கிறார்கள்.
அங்கே தண்டனைக்கு முன்னால் வருத்தத்தைக் கேட்பார்களாம்.
வரட்டும். வந்தால் அங்கேயும் ஒரு முதலியார் பசியோடு நிற்பாள்.

நீதவான் கோப்பைப் புரட்டினார்.
வைத்தியரிடம் காட்டி அறிக்கை எடுக்கலாம்,
பாவிக்கிறவன்தான் என்றால் ஆறு மாதம் சிகிச்சை நிலையம்.
சம்மதமா?
இறக்கினேன்.
அவன் நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:
"அங்க தூக்கம் வருமா?"
ஏற்றினேன், கூட்டாமல் குறைக்காமல்.

நீதவானுக்கும் தூக்கம் இல்லையோ என்னவோ,
கண்ணாடியைக் கழற்றினார்.
கியண்ட பே.
"சொல்ல ஏலாதாம்," என்றேன்.
அவன் தலையாட்டினான். பதிவாளர் சம்மதம் என்று எழுதினார்.

வாசலில் அம்மா குடைகளைக் கிளறிக்கொண்டிருந்தாள்.
அவளுடையது போய்விட்டது.
ஏதாவது ஒன்றை எடுத்துக்கங்க, என்றேன்.
ஒரு சிவப்புக் குடையை விரித்துப் பார்த்தாள்,
கம்பி சரியாகத்தான் இருந்தது,
மடக்கி வைத்தாள்.
டிக்கோயா பஸ் ஹோர்ன் அடித்தது.
அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.
உள்ளே அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்,
அதையும் பிழையாக.