புள்ளடி

முதலில் அது ஒரே சொல்தான்:
"வெட்டலாமா?"
பிரதேச செயலகத்து மேல்மாடியில்
மின்விசிறி தட்டித் தட்டிச் சுற்றிய புதன்கிழமை,
தாளின் நடுவில் அதைத் தட்டச்சு செய்து
கொஞ்ச நேரம் அழகு பார்த்தேன்.

"வெட்டலாமா எண்டு கேட்டா
வெட்டச் சொல்லுற மாதிரிக் கிடக்கு"
என்றார் மீனவர் சங்கத்து அருளானந்தராசா.
இறால் பருவம். கல்லாற்று வாய் திறந்தால்
அவ்வளவும் கடலுக்குப் போய்விடும்.
"வெட்டாதிருத்தல்" என்று மாற்றினோம்.

"அப்ப வெட்டாம விடுறதுதான் சட்டமாகா?"
எழும்பினார் கண்ணாப்போடி.
படுவான்கரையிலிருந்து தோணியில் வந்தவர்,
காலில் சேறு காயவில்லை.
குடலைப் பருவத்து வேளாண்மை
கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறது.
அவருக்காக "நீக்க" வந்தது.
மற்றவருக்காக "நீக்காதிருக்க" ஆனது.
பிளேன்டீ வந்தது, மாரி பிஸ்கட் வந்தது.
புறப்படும் நேரம் உதவிச் செயலாளர்
மரியாதைக்கு ஒரு "இல்லையா" சேர்த்தார்.

முகத்துவாரத்தை வெட்டாதிருத்தல் என்ற
முன்னைய தீர்மானத்தை
நீக்காதிருக்க நீர் உடன்படவில்லையா?

கீழே இரண்டு பெட்டி.
ஓம். இல்லை.

பிழை எனக்கு அப்போதே தெரிந்தது.
எல்லோரும் ஒப்பமிட்டிருந்தார்கள்.
ஐந்து மணி பஸ்ஸுக்கு
ஏழு நிமிடம் இருந்தது.
ஆயிரத்து நானூறு பிரதி.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில்
மூன்றாம் வகுப்புக் கதிரையில் உட்கார்ந்து
விரலுக்கு மை பூசினேன்.
"ஓம் போட்டா வெட்டுவானுகளா, வெட்டமாட்டானுகளா புள்ள?"
சொல்ல அனுமதியில்லை என்றேன்.
சொல்லவும் தெரியாது என்று சொல்லவில்லை.
ஒருவர் இரண்டு பெட்டியிலும் புள்ளடி போட்டார்.
ஒருவர் கேள்விக்குள்ளேயே
மூன்று சொல்லை வெட்டி, திருத்தி,
"இனி வாசியுங்கோ" என்று எழுதியிருந்தார்.
ஒரு சீட்டில் புள்ளடியே இல்லை,
"தண்ணி வாசலுக்கு வந்திட்டு" மட்டும்.

ஓம், ஐந்நூற்று எண்பத்து மூன்று.
இல்லை, ஐந்நூற்று அறுபத்தொன்று.
பழுது, நூற்று நாற்பத்தேழு.

எழுவான்கரையில் வெடி கொளுத்தினார்கள்.
அரை மணித்தியாலத்தில்
படுவான்கரையிலும் வெடி கேட்டது.
யாருக்கு யார் சிரிப்பதென்று தெரியாமல்
பாலத்தில் நின்ற இளந்தாரிகள்
இரண்டு பக்கமும் கையசைத்தார்கள்.

இருட்ட இருட்டக் கதை மாறியது.
அக்கரைக்குக் கொடுத்த சீட்டு வேறாம்.
ஒரு பெட்டி உழவு மெஷினில்
மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்ததாம்.
பழுதென்று ஒதுக்கியதெல்லாம் நல்ல சீட்டாம்.
தட்டச்சு செய்த பெட்டை களுவாஞ்சிகுடியாம்,
அவளின் மச்சானுக்கு இறால் பண்ணை இருக்காம்.

இருக்கிறதுதான்.
மூன்று ஏக்கர் வயலும் இருக்கிறது,
அதை யாரும் சொல்லவில்லை.

ஒருவரும் களவு செய்யவில்லை என்று
எப்படிச் சொல்வேன்?
ஆளுக்கொரு சொல் வைத்தார்கள்,
தன் பக்கத்துக்கு முட்டுக் கொடுக்க.
ஏழு நிமிடம் நான் வைத்தேன்.

செவ்வாய் விடிய பெக்கோ வந்து நின்றது.
மருதமுனை இஸ்ஸதீன்,
கையில் பொலித்தீன் சுற்றிய கடிதம்:
"வாக்கெடுப்பின் முடிவுப்படி செயற்படவும்."
ஒரு பக்கம் ஆறு வீங்கிக் கிடந்தது.
மறுபக்கம் கடல்.
நடுவில் ஒரு முழ உயர மணல்,
அதில் உள்ளான்கள்
அங்குமிங்கும் நடந்து போட்ட புள்ளடி,
எந்தப் பெட்டிக்குள்ளும் இல்லை.

இரண்டு கரைச் சனமும் வந்திருந்தது.
குடை இருந்தது, தடியும் இருந்தது.
இஸ்ஸதீன் என்னைத்தான் கேட்டார்:
"முடிவு என்ன மிஸ்?
எது வென்டது?"

"ஓம்" என்றேன்.

எந்திரத்தை நிறுத்தாமல்
தலையை மட்டும் வெளியே நீட்டினார்.
"ஓமெண்டா?"