நாலு மணிச் சங்கு

நடைச்சீட்டை நிறுத்திவிட்டார்கள்.
கார்த்திகைக் கடைசியில்
வேப்பனப்பள்ளிக்கு மேற்கே எங்கள் குவாரியில்
கம்ப்ரசர் அடங்கியது.
துளை போடுகிற ஒடிசாப் பையன்கள்
கம்பளியைச் சுருட்டிக்கொண்டு ரயிலேறினார்கள்.
சங்கு ஊதுகிற நான் மட்டும்
பாதிச் சம்பளத்துக்குக் காவல்.

நாலு மணிக்கு மூன்று சங்கு, பிறகு வெடி,
வெடித்ததும் மயில்கள் அலறும்.
பதினாறு வருடமாக இதுதான் வரிசை.

வெடி இல்லாத முதல் நாள்
நாலு மணிக்குத் தாமாகவே அலறின.
மறுநாளும்.
அதற்கடுத்த நாளும்.
கைபேசியில் மணி பார்த்தேன்,
இரண்டு நிமிடம் முன்னேபின்னே, அவ்வளவுதான்.
பன்னிரண்டாம் நாள்
ஒரே ஒரு மயில் கத்தியது.
பதில் வராமல்
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக்
கொள்ளுக்காட்டுக்குள் இறங்கிப்போனது.

பொய் சொல்வானேன்,
நாலு மணியானால் எனக்கும் கை அரித்தது.

தையில் கெம்பராஜ் தோப்பு பூத்தது.
கல்மாவு படியாத மாவிலையின் நிறத்தை
அப்போதுதான் பார்த்தேன்.
குழித் தண்ணீருக்குக் காட்டுப்பன்றி வந்தது,
பின்னாலேயே ஏழு குட்டிகள்.
முள்ளம்பன்றி ஒன்று, உப்புக்காக,
என் செருப்பு வாரைக் கடித்துத் தின்றது.
இங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதை
எதுவும் பொருட்படுத்தவில்லை.
கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

மேற்கு முகத்தில்,
அடுத்த வெடிக்கென்று போட்டுவைத்த துளைகளுக்கு மேலே
ஒரு படிக்கல்லில்
கொம்பன் ஆந்தை.
வெறும் கல்லில் மூன்று முட்டை.
ராத்திரி அது கூப்பிடும்போதெல்லாம்
எதிர்முகத்துக் கல்லும் கூப்பிட்டது.
மூன்றில் ஒன்றுதான் பொரிந்தது.

மாசிக் கடைசியில் போன் வந்தது.
"திங்கட்கிழமை ஓட்டணும்,
சங்கு வேலை செய்யுதான்னு பாரு."

மேஸ்திரி திம்மராயனைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.
பீடியைப் பற்றவைக்காமல்
விரலிடுக்கிலேயே வைத்திருந்தார்.
"றெக்கை முளைக்க எத்தனை நாளாகும்?"
"எனக்கென்ன தெரியும்?"
"கிழக்கு முகத்துல ஆரம்பிக்கலாம்னு சொல்லிப் பாக்குறேன்.
ஒரு வாரத்துக்கு மேல நிக்காது."

திங்கட்கிழமை, நாலு மணி.
முதல் சங்குக்கே மயில்கள் எழுந்து
மலைப்பக்கம் போய்விட்டன.
அவை எதையும் மறந்திருக்கவில்லை.

குஞ்சு மட்டும்
பஞ்சு உடம்போடு விளிம்புக்கு வந்து
சத்தம் வந்த திசைக்குத் தலையைச் சாய்த்தது.
அதற்குச் சங்கு புதுசு.

இரண்டாவது ஊதினேன்.
மூன்றாவதை
வழக்கத்தைவிட நீளமாக,
திம்மராயன் போதுமென்று கை காட்டும்வரை,
காட்டிய பிறகும் கொஞ்சம்.