கண்டறியாத படம்

"கண்டறியாத படம்" என்றேன்.
வாய்விட்டுத்தான்.
கந்தர்மடத்தில், வாடகைக்கு எடுத்த வீடொன்றின் முன்னறையில்
சுவர் முழுக்கச் சாம்பல்.
வலது ஓரத்தில் மட்டும் விரற்கடை அகலத்தில் மஞ்சள்.
தலைப்பு: தலைப்பில்லை.
விலை எண்பத்தையாயிரம். என் இரண்டு சீட்டுக் காசு.

மழைக்கு ஒதுங்கினவள் நான்.
ஸ்கூட்டியை மதிலோடு சாத்திவிட்டு
சொட்டச் சொட்ட உள்ளே வந்தவள்.
வரைந்தவள் மேசைக்குப் பின்னால் இருந்திருக்கிறாள்,
குருநகர்ப் பக்கம், பெயர் அமலதீபா,
பேப்பரில் சுற்றிய கடலைவடை கையில்.
கொடுப்புக்குள் சிரித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
இரவு முழுக்க அது உறுத்தியது.
படுக்கையில் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன்:
கண்டு, அறியாத.
ஏச்சாகத்தான் இத்தனை காலமும் சொல்லிவந்திருக்கிறேன்.

பெரியாஸ்பத்திரியில் பதினாறு வருடமாக
எக்ஸ்ரே எடுக்கிறேன். சாம்பல் என் தொழில்.
முதல் மாதம் எல்லாம் புகைதான் எனக்கும்;
பிறகு புகைக்குள் விலா தெரிந்தது,
விலாவில் மயிரிழை வெடிப்பு,
நெஞ்சில் கட்டின தண்ணீர்,
ஒரு குழந்தை விழுங்கிய இரண்டு ரூபாய்க் குற்றி.
ஆகவே மறுநாள் டியூட்டி முடிய வந்து
அதையும் அப்படியே வாசித்தேன்,
மேல் மூலை, கீழ் மூலை, ஓரங்கள், நடு.
எங்கே உடைந்திருக்கிறது?
ஒன்றும் உடையவில்லை.
ரிப்போர்ட் எழுத ஒரு வரி அகப்படவில்லை.
கோபம்தான் வந்தது.

பக்கத்தில் கம்பஸ்காரர் ஒருவர்
கூட்டிவந்த பெடியளுக்குச் சொன்னார்:
"இது இடப்பெயர்வு. அந்த மஞ்சள், திரும்பி வருதல்."
பெடியள் கொப்பியில் எழுதினார்கள்.
இருக்கலாம்.
தொண்ணூற்றைந்தில் செம்மணி வெளியால் நடந்தவள்தான் நானும்.
மழை, சேறு, சாக்குக்குள் அம்மாவின் தையல் மெசின் தலை.
இந்தச் சாம்பல் அதில் எங்கேயும் இல்லை.

"கால் நோகேல்லையோ?
உதிலை கதிரை கிடக்கு, இருங்கோவன்."
அமலதீபா சொன்னது அவ்வளவுதான்.

இருந்தேன்.
இருந்தால் மஞ்சள் கண்மட்டத்துக்கு வருகிறது.
சாம்பலுக்குக் கீழே நீலம் கிடந்தது.
அதைச் சுரண்டியிருந்தாள்,
சுரண்டின இடத்தில் மனம் மாறி
மறுபடி பூசியிருந்தாள்.
தூரிகை மயிர் ஒன்று காய்ந்து ஒட்டிக் கிடந்தது.
சாம்பல் ஒன்றல்ல, ஏழுவரை எண்ணி விட்டுவிட்டேன்.
ஒரு கண்ணை மூடி, கை நீட்டி
மஞ்சளை மறைத்துப் பார்த்தேன்.
ஏழும் ஒன்றாகிவிட்டன.
கையை எடுத்தேன். திரும்பவும் ஏழு.
வாசலில் நின்ற பெடியன் இருமினான்.

அது பண்ணைக் கடல் இல்லை.
விடியல் இல்லை.
நம்பிக்கை இல்லை, சொல்லிப்போட்டேன்.
அது மஞ்சள்.
"மூச்சை இழுத்துப் பிடியுங்கோ" என்று
நாளுக்கு அறுபது பேருக்குச் சொல்கிறவள்
மூச்சைப் பிடித்தபடி இருந்தேன்,
"இனி விடலாம்" என்று சொல்ல ஆளில்லாமல்.

பக்கத்துச் சிவப்புப் படம் பிடிக்கவில்லை.
நேற்றும்தான் பிடிக்கவில்லை.
நேற்று முழுச் சிவப்பும்;
இன்றைக்கு அந்தக் கீழ் வளைவு மட்டும்.
அது கெட்டித்தனம் காட்டுகிறது.
சொல்லியும் விட்டேன்.
அவள் வடையை வைத்துவிட்டு எழும்பி வந்து
கனநேரம் பார்த்தாள்.
"ஓமோ" என்றாள். முகம் கொஞ்சம் வாடித்தான் போனது.

வீட்டில், விறாந்தைச் சுவரில்
சூரிச் மச்சாள் அனுப்பிய பனிமலை.
ஏரி, மரவீடு, யன்னலில் சிவப்புப் பூ.
பதினாலு வருடமாக
வாறவர் போறவருக்கெல்லாம் காட்டுகிற படம்.
கழற்றப்போவதில்லை. எனக்கு அது விருப்பம்.
கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.
"என்னத்தைப் பாக்கிறாய் உதிலை, கண்டறியாத மாதிரி?"
என்றார் இவர், சோற்றுக்கோப்பையோடு.

பனியின் நிழற்பக்கம்
நீலம்.