எழுத்துக்கூட்டி

பீல் நகரில் ஞாயிறு இரவுக் காட்சி,
பதினோரு பேர்.
தெலுங்கு பாதி பிடிபட்டது,
அடியில் ஓடிய ஜெர்மன் மீதி.

வக்கீல் கறுப்பு அங்கியைக் கழற்றி
நாற்காலியில் மாட்டிவிட்டு அடித்தான்.
நீதிமன்றப் படிகளில் அடியாட்கள் உருண்டார்கள்,
கடைசியில் அமைச்சரும்.
யாரோ விசிலடித்தார்,
நானாகவும் இருக்கலாம்.

என் லோயர் திருமதி சுர்பிரிக்கனுக்கு
வெள்ளிக்கிழமை கடும் தடிமன்.
மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டார்:
துறைமுக டெண்டரில் கையெழுத்திட்ட
அமைச்சரின் பெயர்?
எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்.

ஆறு வருசமாய் வீட்டுக்குள்ளும்
'அவர்' என்றே சொல்லிவந்தோம்.
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.
நான்காவதில் நாக்கு ஒட்டிக்கொண்டது.
பேனாவைத் தூக்காமல் காத்திருந்தார்.

அரங்கில் விளக்கு வந்துவிட்டது.
சிந்திய சோளப்பொரியை
ஒருத்தி கூட்டத் தொடங்கினாள்.
காலை ஒன்பதேகாலுக்கு விசாரணை.
பேர்னுக்கு எட்டு மணி ரயில்.